நாற்பத்திரண்டு தங்கல்கள்

எருசலேம் நகரத்து இஸ்ரேல் அருங்காட்சியகத்தில், இத்தாலி, ஜெர்மனி, சூரிநாம் ஆகிய தேசங்களிலிருந்து பெயர்த்து வந்து நிறுத்திய ஜெப ஆலயங்களின் வரிசையிலே, கொச்சியின் கடவும்பாகம் ஆலயத்து உட்கூடமும் நிற்கிறது. நாஞ்சில் நாட்டிலே பிறந்து, பத்மநாபபுரத்து அரண்மனையின் மர விதானத்தை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவனாகிய எனக்கு, அந்த மரவேலை எந்தத் திக்குத் தச்சனுடைய உளியிலிருந்து பிறந்தது என்பதை ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அரை மணி நேரம் நின்றேன். பேழை இருந்தது, விளக்குகள் இருந்தன, மரம் மெருகு குலையாமல் இருந்தது. ஆயினும் உற்சவம் முடிந்த மறுநாள் பந்தலைப் பார்ப்பது போன்ற ஒரு வெறுமை மனத்தைப் பிடித்துக்கொண்டது. உடன் வந்த எருசலேம் நண்பர் அதைக் கண்டுகொண்டார். "இங்கே படிப்பு நடப்பதில்லை அல்லவா? படிப்பு நின்றுபோனால் மிச்சம் இருப்பது தச்சு வேலைதான். இவர்கள் குடியேறிய ஊர் தெற்கே பாலைவனத்தில் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை அங்கே போய்த் தங்கி வாருங்கள்" என்றார்.

அவர் படிப்பு என்று குறித்தது தோராவின் வாராந்தரப் பாராயணத்தை. ஆதியாகமம் முதல் உபாகமம் ஈறாக மோசேயின் ஐந்து ஆகமங்களையும் 54 பகுதிகளாக வகுத்து, வாரத்துக்கு ஒரு பகுதியாக, யூதர்கள் ஆண்டுதோறும் ஓதி முடிக்கிறார்கள். பகுதிக்குப் பராஷா என்று பெயர். இலையுதிர்காலத்தில் சிம்ஹத் தோரா என்னும் திருநாளன்று மோசேயின் மரணத்தைப் படித்து முடித்த கையோடு, மூச்சு விடவும் இடமில்லாமல், உலக சிருஷ்டியைத் தொடங்கிவிடுவார்கள். நாட்காட்டியைப் புரட்டாமல் பராஷாவின் பெயராலேயே வாரத்தைச் சுட்டுவதும், கடிதத்தின் தலைப்பில் தேதிக்குப் பதிலாக அதை எழுதுவதும் அவர்களுக்குள் நெடுங்கால வழக்கம். இந்த ஓராண்டுச் சுற்று பாபிலோன் நாட்டு யூதர் வகுத்தது. பலஸ்தீனத்தில் முற்காலத்தில் மூன்று ஆண்டுகளுக்கு மேலும் நீடிக்கும் மந்தமான நடையே இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் தேசத்திலிருந்து புறப்பட்ட தூதேலா ஊர்ப் பெஞ்சமின் என்ற யாத்திரிகர், எகிப்தில் ஒரே நகரத்தில் இரண்டு ஆலயங்கள் இவ்விரு முறைகளையும் தனித்தனியே பின்பற்றியதையும், திருநாள் வந்தால் இரு சாராரும் ஒன்றுகூடிவிட்டதையும் குறித்து வைத்திருக்கிறார். அதே பெஞ்சமின்தான் நம் கொல்லத்து மிளகைப்பற்றியும், அங்கிருந்த கறுத்த யூதர்களைப்பற்றியும் எழுதியவர். அவர் கொல்லத்தைக் கண்ணால் கண்டாரோ, துறைமுகங்களில் காதால் கேட்டாரோ, அது வேறு விசாரம்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குமேல் அந்தத் தேசத்தில் பேருந்துகள் ஒவ்வொன்றாக அடங்கிவிடுகின்றன. ஓய்வுநாள் தொடங்குமுன் போய்ச் சேர வேண்டும் என்ற பதைப்பு எனக்கும் தொற்றிக்கொள்ள, பேர்ஷெபாவில் கிடைத்த பேருந்தில் ஏறி உட்கார்ந்தேன். அங்கிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர். ஆடி மாதத்து வெயில் நம்மூரில் காற்றோடு வரும். அங்கே தனியாக வருகிறது. சாலையின் இரு மருங்கிலும் மஞ்சள் மண்ணும், அதன்மேல் சிதறிக் கிடந்த பெதூயின் மக்களின் தகரக் கொட்டகைகளும், ஆட்டு மந்தைகளும் ஓடி மறைந்தன. பிறகு மரங்கள் வந்தன. நெவாதீம் வந்துவிட்டது என்று ஓட்டுநர் கையைக் காட்டினார்.

1946இல் வேறு சிலர் நிறுவி, நிலைக்காமல்போன இந்த ஊரில், 1954இல் கொச்சி யூதர்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். யானைக்கால் நோய் தொற்றிவிடுமோ என்று அதிகாரிகள் அஞ்சியதால் அவர்களுடைய பிரயாணமே சில ஆண்டுகள் தடைப்பட்டிருந்தது. காயலும் தென்னையும் மழையும் அல்லாமல் வேறொன்று அறியாதவர்களை, வருஷத்தில் சில தினங்களே மழை காணும் மண்ணில் இறக்கிவிட்டார்கள். எனக்கு இடங்கொடுத்த பெரியவர், அந்தத் தலைமுறையில் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக வந்திறங்கியவர். அவர் வீட்டு முற்றத்தில் ஒரு தகரத் தொட்டியில் கறிவேப்பிலைச் செடி நின்றது. அதற்கு மேற்குப் பக்கமாக ஒரு சாக்கை நான்கு கம்புகளில் கட்டி நிழல் செய்திருந்தார்கள். "இதற்குத் தண்ணீர் ஊற்றும் சிரத்தையில் பாதி எனக்கு உண்டோ என்று கேள், மோனே" என்று மனைவியைக் காட்டிப் பெரியவர் சொன்னதே அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. நான் தமிழில் மலையாளத்தைக் கலந்தேன். அவர் மலையாளத்தில் எபிரேயத்தைக் கலந்தார். குறை ஒன்றும் ஏற்படவில்லை.

பொழுது சாய இன்னும் அவகாசம் இருந்தது. அவர்களுடைய பேரன், பதின்மூன்று வயது நிறைவதற்கு முன் ஆலயத்தில் படிக்கத் தேர்ச்சி பெற வேண்டியவன், திண்ணை போன்ற ஒரு மேடையில் உட்கார்ந்து அப்பியாசம் செய்துகொண்டிருந்தான். அவன் மடியில் இருந்த நூலின் ஒவ்வொரு பக்கமும் இரண்டு பத்திகளாக அச்சிடப்பட்டிருந்தது. ஒரு பத்தியில் உயிர்க்குறிகளும் இராகக் குறிகளும் எழுத்துக்கு மேலும் கீழும் எறும்புபோல் மொய்த்திருந்தன. மற்றதில் மெய்யெழுத்துக்கள் மட்டும் துணியிழந்து நின்றன. தோற்சுருளில் இந்த இரண்டாம் வகைதான் உண்டு. 3,04,805 எழுத்துக்கள் கொண்ட அச்சுருளில் ஓர் உயிர்க்குறியும் ஓர் இராகக் குறியும் இல்லை. ஆகவே பையன் ஓர் அட்டையால் முதற் பத்தியை மூடிக்கொண்டு பாடுவான். தடுக்கினால் அட்டையை ஒரு விரற்கடை விலக்கிப் பார்த்துவிட்டு, திருட்டுத்தனம் பண்ணியவன்போலப் பாட்டியை நோக்குவான்.

அந்த வாரத்துக்கு இரண்டு பராஷாக்கள் இணைந்து வந்திருந்தன: மத்தோத், மாசே. எண்ணாகமத்தின் கடைசிப் பகுதிகள் இவை. பெரும்பாலான ஆண்டுகளில் வாரக் கணக்கைச் சரிக்கட்ட இவற்றைச் சேர்த்தே படித்துவிடுகிறார்கள். மாசே என்றால் பிரயாணங்கள் என்று பொருள். எகிப்தை விட்டுப் புறப்பட்டதுமுதல் மோவாப் சமவெளி வரையில் இஸ்ரவேலர் பாளயம் இறங்கிய 42 இடங்களின் ஜாபிதா அது. இன்ன ஊரிலிருந்து புறப்பட்டார்கள், இன்ன ஊரில் இறங்கினார்கள்; அந்த ஊரிலிருந்து புறப்பட்டார்கள், அடுத்த ஊரில் இறங்கினார்கள். பயணக் கட்டுரை எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்படி ஒரு கைப்பிரதியை எந்தப் பத்திராதிபரிடம் கொடுத்தாலும் மறு தபாலில் திரும்பி வந்துவிடும்.

இதை நான் இரவு உணவின்போது கொஞ்சம் நாசூக்காகவே சொன்னேன். திராட்சரசத்தின்மேல் ஆசி சொல்லி, ரொட்டியைப் பிட்டு, புளி சேர்த்த மீன்கறியை நான் சோற்றோடு பிசைந்துகொண்டிருந்தபோது, அந்த அம்மையார் சிரித்தார். வாலிபத்தில் ஆசிரியையாக இருந்தவர். வாரந்தோறும் பகுதியை மூலத்தில் இருமுறையும் அரமேய மொழிபெயர்ப்பில் ஒருமுறையும் ஒவ்வொருவரும் வீட்டில் படிக்க வேண்டும் என்பது தால்முது விதி என்றும், இதே வாரத்துப் பகுதியில் வரும் அதரோத், தீபோன் போன்ற வெறும் ஊர்ப்பெயர்களைக்கூட விட்டுவிடலாகாது என்று அந்த விதி பெயர் குறிப்பிட்டே சொல்கிறது என்றும் அவர் விளக்கினார். பெயரை எப்படி மொழிபெயர்ப்பது? மொழிபெயர்க்க ஒன்றும் இல்லாதபோதும் மூன்றாம் முறை படித்தே தீர வேண்டுமாம். "ருசியான இடத்தை மட்டும் படிக்கிறவன் தன்னைத்தானே படிக்கிறான்" என்றார் அம்மையார்.

அவர் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே மங்கிப்போன தட்டச்சுத் தாள்கள். ரீகா நகரில் 1905இல் பிறந்து எருசலேமில் குடியேறிய நெஹாமா லைபோவிட்ஸ் என்ற ஆசிரியை, 1942 முதல் 1971 வரையில், வாரந்தோறும் அவ்வாரத்துப் பராஷாவின்மேல் கேள்விகள் எழுதிப் பிரதியெடுத்துத் தேசமெங்கும் அனுப்பிவந்தார். விடை எழுதி அனுப்பியவர்களுடைய தாள்களைத் தாமே சிவப்பு மையில் திருத்தித் திரும்ப அனுப்பினார். பண்ணைக் குடியிருப்புப் பெண்களும், பட்டாளத்துக்காரர்களும், வண்டியோட்டிகளும் அவருக்கு மாணாக்கர். 1997இல் அவர் இறந்தபோது, கல்லறைக் கல்லில் பெயரோடு ஆசிரியை என்ற ஒரே பட்டத்தைப் பொறித்தார்கள். அவருடைய கேள்விகளில் அடிக்கடி வருவது ஒன்று: 11ஆம் நூற்றாண்டின் உரையாசிரியரான ராஷிக்கு இந்த இடத்தில் என்ன இடறிற்று? உரை என்ன சொல்கிறது என்பதைக் காட்டிலும், மூலத்தில் எந்தக் கல் தடுக்கி உரையாசிரியர் நின்றார் என்று தேடச் சொன்னவர் அவர். நம் பரிமேலழகரையும் இப்படிப் படித்துப் பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றியது.

இந்த விஷயங்களைக் குறித்துக்கொள்ளச் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். பேரன் ஒன்றும் பேசவில்லை; மேஜையின் மேல் இருந்த மெழுகுவர்த்திகளையும் என் பென்சிலையும் மாறிமாறிப் பார்த்தான். ஓய்வுநாளில் விலக்கப்பட்ட 39 தொழில்களில் எழுதுவதும் ஒன்று. என்னை அது கட்டாது என்று பெரியவர் சமாதானம் சொன்னாலும், விருந்துக்குப் போன வீட்டில் அப்படி நடப்பது முறையாகாது என்று பென்சிலை உள்ளே வைத்துவிட்டு, மறவாதிருக்கக் கைக்குட்டையில் ஒரு முடிச்சுப் போட முனைந்தேன். முடிச்சுப் போடுவதும் அந்த 39இல் அடக்கம் என்று இம்முறை பாட்டியே சொல்லிவிட்டார். ஆக, இக்கட்டுரையில் கண்டது முழுதும் நினைவை நம்பி எழுதியது.

காலையில் ஆலயம். ஆண்கள் கூடத்தில், பெண்கள் தனியிடத்தில். கேரளத்து ஆலயங்களில் கீழே ஒரு படிப்பு மேடையும் மாடியில் இன்னொன்றும் உண்டு. ஓய்வுநாளில் மாடி மேடையிலிருந்தே வேதம் படிப்பார்கள் என்றும், எர்ணாகுளம் யூதத் தெருவில் சிறுவனாக அந்த மரப்படியில் ஏறியதை முழங்கால் இன்னும் மறக்கவில்லை என்றும் பெரியவர் வழியில் சொல்லிவந்தார். சுருள் துணியுறையில் அல்லாமல் வட்டமான கெட்டிப் பேழையில் இருந்தது. கீழ்த்திசை யூதர் அதைக் கதவுபோல் திறந்து, சுருள் நிமிர்ந்து நிற்கவே படிக்கிறார்கள். விரல் தோலைத் தீண்டலாகாது என்பதற்காக, நுனியில் சிறு கை வடித்த வெள்ளிக்கோல் ஒன்று வரிகளின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது.

ஒவ்வொருவராக ஏழு பேர் மேடைக்கு அழைக்கப்பட்டார்கள். இறங்கி வந்தவரை நோக்கிச் சுற்றிலும் "ஹசாக் உபாருக்" என்று குரல் எழுந்தது. வலிமையும் ஆசியும் பெறுக என்று வாழ்த்து. மத்தோத்தின் நடுவே மிதியானியரோடு நடந்த யுத்தம் வந்தது. என் கையில் இருந்த மொழிபெயர்ப்பில் அதைப் பின்தொடர்ந்த எனக்கு மனம் கூசிற்று. பெண்களையும் சிறுவரையும்பற்றி மோசே இடும் கட்டளை, எந்தக் காலத்து நியாயத்தாலும் விழுங்க முடியாதது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். வாசிப்பவரின் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பிற்பாடு இதைப் பெரியவரிடம் கேட்டபோது அவர் நெடுநேரம் பதில் சொல்லவில்லை. "எனக்கும் அது பிடிக்காது. வருஷந்தோறும் அந்த அதிகாரத்தோடு எனக்குச் சண்டைதான். கத்தரித்து எறிந்திருந்தால் சண்டை போடவும் ஆளிராது" என்றார். எனக்கு முழுச் சமாதானம் ஆகவில்லை. அவருக்கும் ஆகவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு மாசே தொடங்கியது. அந்தப் பெயர்களைக் கண்ணால் பார்த்தபோது வறண்டவையாகத் தோன்றினவே, காதில் அவை வேறாக விழுந்தன. புறப்பட்டார்கள், இறங்கினார்கள் என்ற இரண்டு சொற்களும் மத்தளத்தின் இரு முகம்போல மாறிமாறி வர, நடுவிலே ஒவ்வொரு ஊரும் ஒரு தட்டு. ராமசேஸ், சுக்கோத், ஏத்தாம். பன்னிரண்டு ஊற்றுகளும் எழுபது பேரீச்ச மரங்களும் இருந்த ஏலிம். குடிக்கத் தண்ணீர் இல்லாத ரெவிதீம். ஒரே வரியில் ஒரு தாகம். அதற்கு மேல் விஸ்தாரம் இல்லை. இந்த ஜாபிதாவின் நடுவில் ஆளை மாற்றாமல் ஒரே மூச்சில் படிப்பது சில சமூகங்களின் மரபு. ரித்மாவுக்கு அப்பால், முன்பின் கேள்விப்படாத பெயர்கள் அடுக்கடுக்காக வந்த இடத்தில் வாசிப்பவர் ஓர் ஊரின் உயிரெழுத்தைத் தவறவிட்டார். அவ்வளவுதான்! நாலா பக்கத்திலிருந்தும் நாலைந்து குரல்கள் ஏககாலத்தில் திருத்தின. அவற்றுள் ஒன்று என் பக்கத்துக் குரல். பெரியவர் கண்களை மூடிக்கொண்டிருந்தார். கையில் புத்தகம் இல்லை. வாசிப்பவர் பின்னுக்குப் போய், அந்த ஊரில் திருந்த இறங்கி, மறுபடியும் புறப்பட்டார். மூவாயிரம் ஆண்டுகளாக ஒருவரும் குடியிராத, எங்கே இருந்தது என்று ஆராய்ச்சியாளரும் கை காட்ட முடியாத ஓர் ஊர்ப்பெயரின் உச்சரிப்புக்காக அத்தனை பேர் துடித்ததை நான் அங்கேதான் பார்த்தேன்.

ஓர் என்னும் மலையில் ஆரோன் இறந்த செய்தி வந்தது. ஐந்தாம் மாதம் முதல் தேதி என்று நாள் குறித்திருக்கிறது. ஐந்து ஆகமங்களிலும் மாதமும் தேதியும் சொல்லப்பட்ட மரணம் இது ஒன்றே. சரியாக அந்தத் திதியை ஒட்டித்தான் இந்தப் பராஷாவும் வருகிறது. அதற்கு அடுத்தாற்போல், தெற்கே குடியிருந்த ஆராத் நாட்டு அரசன் இவர்கள் வருவதைக் கேள்விப்பட்டான் என்று ஒரு வரி. ஆராத்! முந்தின நாள் பேர்ஷெபா நிலையத்தில், ஊர்ப் பலகையில் அந்தப் பெயரைத் தாங்கிய பேருந்து ஒன்று என் கண்முன் உறுமிக்கொண்டு நின்றதே. பேரன் என் முழங்கையை இடித்துக் கிழக்கு ஜன்னலைக் காட்டினான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் உறங்கும் வேளையில் பெரியவருக்கு உறக்கம் பிடிக்கவில்லை. இவ்வளவு பெயர்களும் எப்படி மனப்பாடம் என்று கேட்டேன். வந்த மறு வருஷம், 1955இல், தமக்குப் பதின்மூன்று வயது நிறைந்தபோது வாய்த்த பராஷா இதுதான் என்றார். இராகத்தை எர்ணாகுளத்தில் கற்றது. படித்ததோ தகரக் கூரையின்கீழ், இந்த வெயிலில். "கர்க்கடகத்திலே பக்கத்து வீட்டு அம்மா சந்தியாகாலத்தில் விளக்கேற்றி எழுத்தச்சனுடைய இராமாயணம் வாசிப்பாள். மழை கொட்டும். நாங்கள் இந்தப் பக்கம் மாசே படித்துக்கொண்டிருப்போம். அவளும் காட்டுக்குப் போனவர்கள் கதையைத்தான் படித்தாள், நாங்களும் அதைத்தான் படித்தோம். அவளுக்கு ஒரு மாதத்தில் முடிந்துவிடும். எங்களுக்கு முடிவதே இல்லை." கர்க்கடகம் என்பது நம் ஆடி. கணக்குப் பார்த்தால் ஒரே பருவந்தான்.

பிறகு அவர் தம்முடைய பிரயாணத்தைச் சொன்னார். எர்ணாகுளத்திலிருந்து ரயில், பம்பாயில் காத்திருப்பு, அங்கிருந்து விமானம், லோத் விமான நிலையம், இருட்டில் ஒரு லாரி, விடிந்து பார்த்தால் இந்த மண். உள்ளேயிருந்து அம்மையாரின் குரல் வந்தது: "பம்பாயில் காய்ச்சல் வந்ததைச் சொல்லவில்லையே?" அவர் அப்போது உடன் இருந்தவர் அல்லர்; பிற்காலத்தில் மாமியார் சொல்லக் கேட்டவர். பெரியவருடைய தாய் சாகும்வரையில் அந்தப் பிரயாணத்தை இப்படித்தான் சொல்வாராம்: இங்கே உனக்குக் காய்ச்சல் அடித்தது, இங்கே நீ செருப்பைத் தொலைத்தாய், இங்கே என் மடியில் தூங்கினாய். அரைத் தூக்கத்தில் கிடந்த பேரன் எழுந்து உட்கார்ந்து, "இது ராஷியில் இருக்கிறது" என்று கூவினான்.

இருக்கிறதுதான். நோயுற்ற மகனை வைத்தியத்துக்காகத் தூரதேசம் அழைத்துப்போன ராஜா ஒருவன், குணமாகித் திரும்பும் வழியில், இங்கே படுத்தோம், இங்கே குளிர் கண்டது, இங்கே உனக்குத் தலை வலித்தது என்று ஒவ்வொரு இடமாகக் காட்டிக்கொண்டே வந்தானாம். தங்கல்களின் ஜாபிதாவும் அப்படிப்பட்டதே என்று ரபி தன்ஹூமா சொன்னதாக ராஷி எடுத்துக் காட்டுகிறார். அதோடு ஒரு கணக்கும் போடுகிறார். 42இல் 14 முதலாண்டிலேயே கழிந்தன. 8 ஆரோன் இறந்தபின் கடைசி ஆண்டில் நடந்தவை. ஆகவே இடைப்பட்ட 38 ஆண்டுகளில் இவர்கள் கூடாரம் பெயர்த்தது 20 முறைதான். நாற்பது ஆண்டும் ஓயாமல் அலைந்தார்கள் என்று நாம் நினைப்பது தவறு. பெரும்பாலும் எங்கேயோ உட்கார்ந்துதான் இருந்தார்கள். இந்தக் கணக்கைப் பெரியவர் தம் விரல்களில் போட்டுக் காட்டினார். நெவாதீமில் தாம் உட்கார்ந்த ஆண்டுகளை எண்ண விரல் போதவில்லை.

மாலைப் பிரார்த்தனைக்கு மறுபடி போனோம். காலையில்தான் எண்ணாகமம் முடிந்தது. சாயங்காலத்துக்குள் அடுத்த வாரத்து உபாகமத்தின் முதல் வரிகளைத் தொடங்கிவிட்டார்கள். திங்கள், வியாழன் காலைகளிலும் அதையே கொஞ்சம் படிப்பார்களாம். நட்சத்திரம் தெரிந்ததும் வீடு திரும்பி, பல திரிகள் முறுக்கிய மெழுகுவர்த்தியை ஏற்றி, கிராம்பை ஒவ்வொருவர் மூக்குக்கும் காட்டி, சுடரைத் திராட்சரசத்தில் அணைத்தார்கள். ஓய்வுநாள் போயிற்று. பேரன் முதல் காரியமாக என் பென்சிலைக் கொண்டுவந்து நீட்டினான்.

நினைவில் நின்றதையெல்லாம் அவசரமாக எழுதினேன். பெரியவரின் பிரயாணத்தையும் வரிசையாகக் குறித்து, பிழையிருந்தால் திருத்தும்படி வாசித்துக் காட்டினேன்: எர்ணாகுளம், பம்பாய், லோத், நெவாதீம். காலையில் ஆலயத்தில் பார்த்ததுபோலவே அவர் கண்களை மூடிக்கொண்டு கேட்டார். சட்டென்று கையை உயர்த்தினார்.

"நில், மோனே. ஒன்று விட்டுப்போயிற்று. நான் சொல்லாதது என் பிழை. எர்ணாகுளத்துக்கும் பம்பாய்க்கும் நடுவில் அரக்கோணம். அங்கேதான் ரயில் மாறினோம். ஒரு ராத்திரி முழுதும் பிளாட்பாரத்தில் கிடந்தோம்."

அரக்கோணம் என்று இடுக்கில் எழுதினேன். அவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"குழாயில் தண்ணீர் இல்லை. அதையும் எழுது."